ஒரு பிள்ளையின் முறை எப்போது வரும்? மாலை வகுப்புகளைத் திட்டமிடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறக்கட்டளை நிர்வாகக் குழுவினருக்கும், மாலை வகுப்புகளின் அட்டவணையைத் தயாரிக்கும் ஒருங்கிணைப்பாளர்களுக்கும்,

எங்கள் ஊராட்சியில் நடந்துவரும் மூன்று மாலை நேர மையங்களையும் வரும் ஜூன் மாதம் முதல் ஒன்றாக்கி, நடுநிலைப் பள்ளிக் கூடத்தில், செவ்வாய், வெள்ளி ஆகிய இரண்டு நாட்கள் மட்டும், மாலை 4.30 முதல் 7 மணி வரை வகுப்பு நடத்துவது என்று நீங்கள் முடிவெடுத்த சுற்றறிக்கை தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து பத்து நாட்கள் ஆகின்றன. இதுவரை வாரத்துக்கு நான்கு நாட்கள், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம், மையத்துக்கு 14 பிள்ளைகள், ஒரு தன்னார்வலர் என்று நடந்தது. இனி 42 பிள்ளைகள் ஒரே கூடத்தில், இரண்டு தன்னார்வலர்கள். சுற்றறிக்கையின் கடைசிப் பத்தியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்துக்கு ஐந்து மணி நேரப் பயிற்சி என்பதில் மாற்றம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியை ஏற்றுக்கொள்ள முடியாததால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஒருங்கிணைப்பாளரிடம் தொலைபேசியில் ஒரு முறையும், நேரில் ஒரு முறையும் பேசினேன். முடிவாகிவிட்டது, பெற்றோர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள் என்ற பதில்தான் கிடைத்தது. தெரிவிக்க வேண்டிய பொறுப்பு எனக்கு இருக்கும்போது, என்ன தெரிவிக்கிறேன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே முறை என்று நினைக்கிறேன்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அதன் பிறகு சில மாதங்களில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பாய் விரித்து வகுப்பெடுக்கத் தொடங்கியவர்களில் நானும் ஒருத்தி. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்காக வந்தேன் என்று சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது; கொரோனாவால் பள்ளிகள் ஒன்றரை ஆண்டு மூடிக்கிடந்தபோது தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் தங்கள் பெயரை எழுதவே தயங்கியதைக் கண்கூடாகப் பார்த்தேன் என்பது மீதி. பின்னர் உங்கள் அறக்கட்டளை இந்த மையங்களைத் தொடங்கியபோது அதே பிள்ளைகளோடு உங்களிடம் வந்து சேர்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம் ஒன்று உண்டு. வகுப்பு எத்தனை மணி நேரம் நடந்தது என்பதை வைத்து ஒரு பிள்ளை கற்றதை அளக்க முடியாது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் முறை எத்தனை தடவை வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, அடுத்த முறை எத்தனை நாள் கழித்து வந்தது என்பவற்றை வைத்துத்தான் அளக்க முடியும்.

நான்காம் வகுப்பில் படித்த ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும்போது அவள் குரல்தான் முதலில் எழும். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்றே இரண்டு மாதங்கள் நினைத்திருந்தேன். ஒரு நாள் மழைக்கு ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக வாசிக்கச் சொன்னேன். 'கொக்கு' என்ற சொல்லின் மேல் விரலை வைத்து, 'கெ… ர… க்கு' என்று வாசித்தாள். ஒற்றைக்கொம்பு போட்ட ககரத்தைச் சரியாகவே படித்தாள்; அதற்குப் பின்னால் நின்ற துணைக்காலை ரகரம் என்று எடுத்துக்கொண்டாள். அச்சில் இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதால் அது அவளுடைய தவறும் அல்ல. கூட்டத்தில் வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளையின் குரலைக் கேட்டு அரை நொடி பின்னால் தொடரும் திறமையை அவள் வளர்த்துக்கொண்டிருந்தாள். நாள்தோறும் ஐந்து நிமிடம் அவளோடு மட்டும் உட்கார்ந்தேன். முதலில் கொம்பும் காலும் ஒரே எழுத்துக்கு உரியவை என்று வண்ணப் பென்சிலால் இரண்டையும் சேர்த்து வட்டமிட்டாள். பிறகு 'மோர்' என்ற சொல்லுக்கு வந்தோம். அதில் துணைக்காலும் 'ர்' எழுத்தும் அடுத்தடுத்து நிற்கின்றன. மூன்று நாள் தடுமாறினாள். நான்காம் நாள் சிரித்துக்கொண்டே 'மோர்' என்று சரியாகச் சொல்லிவிட்டு, தானாகவே 'போர்', 'தேர்' என்று அடுத்த சொற்களுக்குப் போனாள். இரண்டு வாரத்தில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. 42 பேர் ஒரே குரலில் வாசிக்கும் கூடத்தில் அந்த முடிச்சு இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

கணக்கிலும் இதேதான். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதினான். கூட்டம் நிறைந்த வகுப்பில் அதற்கு நான் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போயிருப்பேன். அப்படிப் போட்டும் இருக்கிறேன், அவன் பழைய நோட்டில் என் கையெழுத்திலேயே அந்தக் குறிகள் இருக்கின்றன. எப்படிப் போட்டாய் என்று உட்கார வைத்துக் கேட்டபோதுதான், 2இலிருந்து 7 போகாது, அதனால் 7இலிருந்து 2ஐக் கழித்தேன் என்றான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று யாரோ எப்போதோ சொன்ன விதியை அவன் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். பத்துத் தீக்குச்சிகளை ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, அந்தக் கட்டை அவனே பிரித்துக் கடன் கொடுப்பதற்குப் பதினைந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் எனக்குக் கிடைக்க வேண்டும். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அவன் அதை மறுபடி செய்ய வேண்டும்.

இப்போது சுற்றறிக்கையின் கணக்குக்கு வருகிறேன். பழைய ஏற்பாட்டில் 75 நிமிடத்தில் 14 பிள்ளைகள். ஆளுக்கு ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். நான்கு நாட்களில் 21 நிமிடம். புதிய ஏற்பாட்டில் 42 பேரை இரண்டு தன்னார்வலர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஒருவருக்கு 21 பிள்ளைகள். 150 நிமிடத்தில் ஆளுக்கு ஏழு நிமிடம், இரண்டு நாட்களில் 14 நிமிடம். காகிதத்திலேயே மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் மாறவில்லை என்பது உண்மை. கற்பிப்பவர்களின் நேரம் வாரத்துக்கு 15 மணியிலிருந்து 10 மணியாகக் குறைந்துவிட்டது என்பதுதான் சுற்றறிக்கையில் இல்லாத உண்மை.

காகிதத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். கடந்த ஆண்டு அறுவடைக் காலத்தில் ஏழு வாரங்கள் எங்கள் மையத்தை இரண்டு நாளாகக் குறைத்து, நேரத்தை இரட்டிப்பாக்கினீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் நான் பதிவேட்டின் ஓரத்தில் எழுதி வைத்த குறிப்புகள் இப்போதும் என்னிடம் உள்ளன. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் முதல் இருபது நிமிடம், வெள்ளிக்கிழமை நடத்தியதை மறுபடி நடத்துவதிலேயே போயிற்று. மணி ஆறைத் தாண்டியதும் பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள். பகல் பன்னிரண்டரைக்குச் சத்துணவு சாப்பிட்ட வயிறு ஆறு மணிக்குப் பாடம் கேட்காது. முதல் இருபது நிமிடத்தையும் கடைசி ஒரு மணி நேரத்தையும் கழித்தால் செவ்வாய்க்கிழமை 70 நிமிடமும், கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் கழித்தால் வெள்ளிக்கிழமை 90 நிமிடமும் மிஞ்சுகின்றன. 21 பிள்ளைகளுக்கு அதைப் பங்கிட்டால் ஆளுக்கு வாரத்தில் எட்டு நிமிடம்கூட இல்லை. பழைய ஏற்பாட்டிலும் நாளுக்குப் பத்து நிமிடம் வீணாகத்தான் செய்யும்; அதைக் கழித்த பின்னும் 18 நிமிடம் இருக்கிறது.

நாட்களின் இடைவெளியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டமிடுபவர்கள் மிக எளிதாகக் கடந்துபோவது இதைத்தான். நாம் காவிரியின் கடைமடையில் இருக்கிறோம். நாற்றங்காலுக்கு வாரத்தில் இரண்டு நாள் வெள்ளமாகப் பாய்ச்சிவிட்டு மற்ற நாட்களில் காயப்போட்டால் நாற்று என்னவாகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டி வாசிக்கும் நிலையில் இருக்கும் பிள்ளை நாற்றங்காலில் இருக்கும் பிள்ளை. செவ்வாய், வெள்ளி என்று வைத்தால் வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே மூன்று நாட்கள் இடைவெளி. அதில் ஒரு செவ்வாய் தவறினால் வெள்ளிக்கு வெள்ளி ஏழு நாட்கள். தவறுமா என்று கேட்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு மாவட்ட நிர்வாகம் விடுமுறை விடாத மாதம் எங்கள் பக்கத்தில் ஏது? நான்கு நாள் வகுப்பில் ஒரு நாள் மழைக்குப் போனால் மூன்று நாள் மிச்சம்; இரண்டு நாள் வகுப்பில் ஒரு நாள் போனால் அந்த வாரம் பாதி போயிற்று.

நான் என் திண்ணை அனுபவத்தை மட்டும் வைத்துப் பேசவில்லை. பொருளியலாளர்கள் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் ஊரகத் தமிழ்நாட்டில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்துப் பார்த்து, பள்ளிகள் மூடியிருந்ததால் 2021 டிசம்பரில் பிள்ளைகள் எந்த அளவு பின்தங்கியிருந்தார்கள் என்பதை அளந்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வி மையங்களால் கிடைத்தது என்பது அவர்களின் முடிவு. அந்தத் திட்டத்தில் ஒரு தன்னார்வலருக்கு இருபது பிள்ளைகள் இருந்தார்களே, பதினான்கு என்ன, இருபத்தொன்று என்ன என்று ஒருங்கிணைப்பாளர் என்னிடம் கேட்டார். சரியான கேள்விதான். ஆனால் அந்த மையங்கள் பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. வாரத்தின் பெரும்பாலான நாட்களில், அந்தி நேரத்தில் ஒரு மணி, ஒன்றரை மணி என்று நடந்தன. இருபது என்ற எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அருகாமையையும் அன்றாடத்தையும் விட்டுவிட்டால் அந்தப் பலன் தொடர்ந்து வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதற்கு முன்பே 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் நடத்திய 'பால்சகி' (பிள்ளைகளின் தோழி) முயற்சியைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்திருக்கிறார்கள். அதே பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், பின்தங்கிய 15 முதல் 20 பிள்ளைகளை வகுப்பிலிருந்து தனியே அழைத்து, பள்ளி நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். அவர்கள் வெளியே போனதால் எண்ணிக்கை குறைந்த பழைய வகுப்பில் இருந்த மற்றப் பிள்ளைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதை என் வாதத்துக்கு எதிராகவும் யாரேனும் சொல்லலாம் என்பதால் நானே சொல்கிறேன்: தலைகளைக் குறைத்தால் மட்டும் போதாது. ஒரே நிலையில் இருக்கும் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து, அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கி, நாள்தோறும் நடத்தினால்தான் சிறிய குழுவுக்குப் பொருள் உண்டு. வெளிநாடுகளில் இன்னும் இறுக்கமாக வைக்கிறார்கள். இங்கிலாந்தில் கொரோனாவுக்குப் பின் அரசு நடத்திய தேசியத் தனிப்பயிற்சித் திட்டத்தில் குழுவுக்கு ஆறு பேர் என்பது உச்சவரம்பாக இருந்தது. அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களுக்கான பரிந்துரை, வாரத்துக்கு மூன்று நாளாவது, குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம், பயிற்றுநரை மாற்றாதீர்கள் என்பது. சிகாகோ நகர உயர்நிலைப் பள்ளிகளில் ஒருவருக்கு இரண்டு மாணவர் என்ற கணக்கில் அன்றாடம் ஒரு பாடவேளை கணிதம் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் பணம் நம்மிடம் இல்லை. ஆகவே நான்கு பேர் கொண்ட குழுக்களை நான் கேட்கவில்லை. ஆனால் உலகில் யாரும் வாரத்துக்கு இரண்டு நாள், ஒருவருக்கு 21 பிள்ளைகள் என்பதைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கான மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை.

பின்தங்கல் என்பதும் சிறியதல்ல. ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில், 2022ஆம் ஆண்டு ஊரகத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 விழுக்காடுதான்; 2018இல் அது 10.2 விழுக்காடாக இருந்தது. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது நடுநிலைப் பள்ளியில் இருக்கிறார்கள். எங்கள் மையங்களில் சென்ற மாதம் நாங்களே நடத்திய சோதனையில், 42 பேரில் 13 பேரால் எளிய சொற்களைக்கூட வாசிக்க முடியவில்லை, 17 பேர் வாக்கியத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கிறார்கள், 12 பேர் பத்தியைச் சரளமாகப் படிக்கிறார்கள். இந்த மூன்று வகையினரையும் ஒரே கூடத்தில், ஒரே பாடத்துக்கு, ஒரே நேரத்தில் உட்கார வைக்கச் சொல்கிறது உங்கள் அட்டவணை. படிக்கத் தெரிந்த 12 பேர் பதில் சொல்வார்கள்; அந்தப் பதிலைக் கேட்டு வகுப்பு நகரும்; 13 பேர் உதடு அசைப்பார்கள்.

மையங்களை ஒன்றாக்குவதில் இன்னொரு சேதம் இருக்கிறது, அதை எழுதாமல் விட முடியாது. காலனித் தெருவிலிருந்து நடுநிலைப் பள்ளிக்கு வாய்க்கால் கரை வழியாக ஒன்றரைக் கிலோமீட்டர். டிசம்பரில் ஏழு மணிக்கு வகுப்பு விட்டால் கும்மிருட்டு. கரையில் விளக்கு கிடையாது. நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்த் திரும்பிய தாய் மறுபடி நடந்து வந்து பிள்ளையை அழைத்துப் போக வேண்டும், அல்லது அனுப்பாமல் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் நடக்கும். அதோடு எங்கள் ஊரில் தெருவுக்கும் தெருவுக்கும் இடையிலான தூரத்தைக் கிலோமீட்டரில் மட்டும் அளக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற ஒரு பெண், தன் தெருப் பிள்ளைகளைத் தன் வீட்டு வாசலில் உட்கார வைத்துப் பாடம் சொல்லித்தருகிறார். வகுப்புக்கு வராத பிள்ளையை அவர் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். பணியில் இளையவர் என்ற காரணத்தால் புதிய ஏற்பாட்டில் விடுவிக்கப்படுபவர் அவர்தான். பணிமூப்பு அடிப்படையில் தொடரப்போகும் இருவரில் ஒருத்தியாக நான் இதை எழுதுகிறேன்.

நிதி குறைந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னதை நான் நம்புகிறேன். நன்கொடைகள் ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவில் வருவதில்லை என்பதை உணர்கிறேன். ஆகவே 15 மணி நேரத்துக்கான ஊக்கத்தொகையைத் தாருங்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தினால் அது பொறுப்பான பேச்சாகாது. நீங்கள் ஒதுக்கியிருக்கும் அதே 10 மணி நேரத்தை வைத்து நான் ஒரு அட்டவணை போட்டுப் பார்த்தேன். எழுத்துக்கூட்ட முடியாத 13 பேரை ஏழு, ஆறு என இரண்டு குழுவாக்கி, திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு நாட்களும் மாலை 5 முதல் 5.45 வரை இரண்டு தன்னார்வலர்களும் ஆளுக்கொரு குழுவை எடுத்துக்கொண்டால் வாரத்துக்கு 6 மணி நேரம் ஆகிறது. தடுமாறும் 17 பேரை ஒன்பது, எட்டு என்று பிரித்து, அந்த நான்கு நாட்களில் இரண்டு நாள் மட்டும் அடுத்த முக்கால் மணி நேரத்தில் நடத்தினால் 3 மணி நேரம். சரளமாக வாசிக்கும் 12 பேருக்குச் சனிக்கிழமை ஒரு மணி நேரம், பள்ளி நூலக அலமாரியைத் திறந்து வைத்து, தன்னார்வலர்கள் வாரம் மாற்றி வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம். மொத்தம் 10. இந்த ஏற்பாட்டில் மிகவும் பின்தங்கிய பிள்ளை ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் 25 முதல் 30 நிமிடம் தன் முறை வருகிறது. ஒரு பைசா கூடுதல் செலவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான மணி நேரம் கிடைக்காது என்பது இதன் குறை. படிக்கத் தெரிந்த பிள்ளையின் பெற்றோர் கேள்வி கேட்பார்கள், அவர்களுக்கு நான் நேரில் பதில் சொல்கிறேன். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கும் ஆரோக்கியமாக இருக்கும் பிள்ளைக்கும் ஒரே அளவு மருந்து கொடுப்பதை அவர்களும் சமநீதி என்று சொல்லமாட்டார்கள்.

அந்த 13 பேரில் ஏழு பேர் காலனித் தெருப் பிள்ளைகள். அவர்களின் குழு அந்தத் தெருவிலேயே நடக்கட்டும் என்று நான் கேட்பதை, தெருவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்து வைக்கச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற இரண்டு நிலைகளின் வகுப்புகளும் சனிக்கிழமை வாசிப்பும் பள்ளியிலேயே, எல்லாத் தெருப் பிள்ளைகளும் கலந்து உட்காரும்படி நடக்க வேண்டும். எழுத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளை ஆறு வாரத்தில் அடுத்த நிலைக்கு நகர்ந்து அந்தக் கலந்த குழுவுக்கு வந்துவிடும். வராமலே நின்றுபோவதைவிடப் பக்கத்தில் கற்று அங்கிருந்து எழுந்து வருவது மேல்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. ஜூன் மாதம் நடைமுறைக்கு வரவிருக்கும் இந்தச் சுற்றறிக்கையை உடனே நிறுத்தி வையுங்கள். பழைய மூன்று மையங்களையும் நான்கு நாட்களாகத் தொடர நிதி இருக்கிறதா என்பதை முதலில் வெளிப்படையாகச் சொல்லுங்கள். இருந்தால் அதையே தொடருங்கள். இல்லையென்றால், சொற்களை வாசிக்க முடியாத பிள்ளைகளுக்கு வாரத்துக்கு நான்கு நாட்களுக்குக் குறையாமலும், குழுவுக்கு ஏழு பேருக்கு மிகாமலும் வகுப்பு நடக்கும் என்பதை எழுத்தில் உறுதி செய்யுங்கள். பிள்ளைகளைப் படிக்கும் வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிப்பு நிலையை வைத்துக் குழுவாக்குங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை சோதித்து, நகர வேண்டியவர்களை நகர்த்துங்கள். அந்தச் சோதனையைப் பார்த்து அடுத்த ஆறு வாரத்தைத் திட்டமிடத் தன்னார்வலர்களுக்கு மாதம் ஒரு மணி நேரம் ஊக்கத்தொகையோடு ஒதுக்குங்கள். மழை விடுமுறையில் தவறும் வகுப்பை அதே வாரத்தில் ஈடுசெய்ய எங்களுக்கு அனுமதி கொடுங்கள். இப்போது அதற்கும் மூன்று பேரின் ஒப்புதல் வேண்டியிருக்கிறது, ஒப்புதல் வருவதற்குள் வாரம் முடிந்துவிடுகிறது. எந்த வகுப்பும் மாலை 6.30 மணிக்கு மேல் நீளக் கூடாது.

கடைசியாக, காலனித் தெருத் தன்னார்வலரை விடுவிக்கும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். இரண்டு பேருக்குத்தான் இடம் என்றால் நான் விலகிக்கொள்கிறேன். என் பிள்ளைகளின் பதிவேடுகளையும், ஒவ்வொருவரும் எந்த எழுத்தில் நிற்கிறார்கள் என்ற குறிப்புகளையும் எனக்குப் பதிலாக வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறேன். அந்தத் தெருவின் வாசலில் அவர் இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது.

மே மாதக் கடைசி வாரத்துக்குள், பெற்றோர்களும் தன்னார்வலர்களும் பள்ளித் தலைமை ஆசிரியரும் இருக்கும் கூட்டம் ஒன்றைக் கூட்டி, இந்த மடலுக்கான பதிலை எழுத்து மூலமாக அங்கே தாருங்கள். கடந்த அறுவடைக் காலத்து ஏழு வாரப் பதிவேட்டையும் சென்ற மாதச் சோதனைத் தாள்களையும் நான் அன்று எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
திண்ணை வகுப்புக் காலத்திலிருந்து இந்தப் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தன்னார்வலர்